வீடு வாடகையா இருக்கலாம்... விலாசம் சொந்தமா இருக்கணும்!



போன மாசம் ஒரு மெயில். தூத்துக்குடி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கை எழுதியிருந்தார். அவரும் ரெண்டு தோழிகளும் ஒன்றரை வருஷமா, லீவு நாளெல்லாம் உடன்குடி பக்கத்துக் கிராமங்களில் அலைந்து பனையேறிகளைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 38 பேர். தளை போட்டு மரமேறுவது எப்படி, பாளையைச் சீவுவது எப்படி, கலயத்துக்குச் சுண்ணாம்பு எவ்வளவு தடவணும், கருப்பட்டி காய்ச்சும்போது பாகு பதம் பார்ப்பது எப்படி... எல்லாம் செல்போன் ஒலிப்பதிவு, கொஞ்சம் போட்டோ, மீதி நோட்டுப் புத்தகத்தில். பேசியவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை.

"அண்ணா, இதையெல்லாம் வலைப்பூவில் போடப் போறோம்னு ஒரு தாத்தாகிட்ட சொன்னேன். துபாயில் இருக்கிற பேரன் பார்க்க முடியுமான்னு கேட்டார். தாராளமா பார்க்கலாம் தாத்தான்னு சொன்னேன். அடுத்து ஒண்ணு கேட்டார் பாருங்க... 'எம்மா, இது எத்தன வருசத்துக்கு நிக்கும்?' எனக்குப் பதிலே வரலை. பிளாக்கர்ல போடவா, வேர்ட்பிரஸ்ல போடவா? 'ஓசியில போட்டா எவனும் மதிக்க மாட்டான், சொந்தமா ஹோஸ்டிங் எடுங்க'ன்னு ஒரு சீனியர் சொல்றார். இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள முடிவு பண்ணணும். சொல்லுங்கண்ணா!"

பிளாக்கரா வேர்ட்பிரஸ்ஸா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. ஆனா, அந்தத் தாத்தா கேட்ட கேள்வியை இதுவரை யாருமே கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. அதுக்கு நான் கொடுத்த விலையை முதல்ல சொல்லிடறேன்.

62ல் மிஞ்சியது 11

வருஷம் 2007. ஹாஸ்டலுக்கு எதிரே பிரவுசிங் சென்டர், ஒரு மணி நேரம் 15 ரூபாய். அங்கே உட்கார்ந்து ஒரு இலவச தளத்தில் வலைப்பூ ஆரம்பித்தேன். பேரைச் சொல்ல வேண்டாம், அவங்க கடையைக் கட்டிட்டுப் போயாச்சு. எங்க பாட்டி சொன்ன ஊர்க் கதைகளை வாரம் ஒன்று எழுதுவேன். பின்னூட்டம் நாலு வந்தால் அன்னைக்கு மெஸ் சாம்பார்கூட ருசிக்கும்!

வேலை கிடைத்தது. எழுதுவது நின்றது. சில வருஷம் கழித்துப் பாட்டி தவறிப்போன வாரத்தில், அந்தக் கதைகளைப் படிக்கணும்னு தோணிச்சு. விலாசத்தைத் தட்டினேன். பக்கம் இல்லை. தளத்தை மூடப் போறோம், உங்க பதிவுகளை எடுத்துக்கோங்கன்னு அவங்க முறைப்படி மெயில் அனுப்பியிருக்காங்க. எந்த மெயிலுக்கு? காலேஜ் முடிஞ்சதோட நான் மறந்துபோன பழைய மெயிலுக்கு! இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபேக் மெஷின்' என்ற சேமிப்பில் தேடித் துருவியதில் 62 பதிவுகளில் 11 கிடைத்தது. மற்ற 51 கதைகளைத் திரும்பச் சொல்ல பாட்டி இல்லை.

அவங்க மேல கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? இலவசமா இடம் கொடுத்தாங்க, முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் மூடினாங்க. கையில் ஒரு பிரதி வைக்காதது நான்தான்.

பெரிய கடைகளும் மூடும்

"சின்ன கம்பெனின்னா அப்படித்தான் பாஸ், பெரிய கம்பெனியில போட்டா பத்திரம்" என்கிறீர்களா? கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

ஜியோசிட்டீஸ் ஞாபகம் இருக்கா? ஒரு தலைமுறைக்கே முதல் 'ஹோம் பேஜ்' அதுதான். யாஹூ 1999ல் வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. போஸ்டரஸ் என்று ஒரு அழகான வலைப்பூத் தளம் இருந்தது. 2012ல் ட்விட்டர் வாங்கியது, 2013 ஏப்ரலோடு கதை முடிந்தது. கூகுள் ப்ளஸ் 2019ல் போனது.

"ஓசின்னா அப்படித்தான், காசு கொடுத்துட்டா?" என்றால் அதுக்கும் உதாரணம் இருக்கு. டைப்பேட் 2003லிருந்து காசு வாங்கிக்கொண்டு வலைப்பூ நடத்திய தளம். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி அதுவும் மூடப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேல் பணம் கட்டியவர்களும் மூட்டை முடிச்சோடு கிளம்ப வேண்டியதாயிற்று.

ஆக, இலவசமா கட்டணமா என்பது விஷயமே இல்லை. கிளம்பச் சொன்னால் மூட்டை கட்ட முடியுமா? கிளம்பிய பிறகும் பழைய விலாசத்துக்கு வருகிற வாசகர் புது வீட்டுக்கு வந்து சேருவாரா? இந்த ரெண்டுதான் விஷயம்.

விலாசத்துக்கு ஒரு நல்ல கதை இருக்கு. 2012ல் கூகுள் நம்ம நாட்டு வாசகர்களை 'பிளாக்ஸ்பாட் டாட் காம்' விலாசத்திலிருந்து 'பிளாக்ஸ்பாட் டாட் இன்'னுக்குத் திருப்பிவிட ஆரம்பித்தது. நாமும் பிரவுசரில் தெரிந்த அந்த விலாசத்தையே காப்பி பண்ணி எல்லா இடத்திலும் ஒட்டினோம். பிறகு கூகுள் அந்தத் திருப்பிவிடுதலை நிறுத்தியது. 2020ல் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற பெயரே கூகுளின் கையை விட்டு வேறு யாரிடமோ போய்விட்டது! வலைப்பூக்கள் 'டாட் காம்'மில் பத்திரமாகவே இருந்தன. ஆனா, பழைய 'டாட் இன்' லிங்க்குகள் எல்லாம் செத்துப்போச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமை!

இன்னொன்று 2006 ஜூலையில் நடந்தது. மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, குறிப்பிட்ட சில பக்கங்களை மட்டும் தடுக்கச் சொல்லி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனிகள் சில, மொத்த பிளாக்ஸ்பாட்டையும் இழுத்துப் பூட்டிவிட்டன. சமையல் குறிப்பு எழுதியவரும் மாட்டினார், கவிதை எழுதியவரும் மாட்டினார். நாலு வீட்டுத் தகராறுக்குத் தெருவையே அடைச்ச மாதிரி! சில நாள் கழித்துத்தான் திறந்தார்கள். அடுத்தவர் விலாசத்தில் குடியிருந்தால் அவர் தெருவில் நடப்பதெல்லாம் நம்மையும் பாதிக்கும்.

எந்த வீடு எப்படி?

சரி, இப்போ வீடு பார்க்கலாம்.

பிளாக்கர்: 1999ல் பிறந்தது. 2003லிருந்து கூகுள் வசம். இலவசம். சொந்த டொமைன் வாங்கினால் அதையும் இலவசமாகவே இணைத்துக்கொள்ளலாம். பழைய பிளாக்ஸ்பாட் விலாசத்துக்கு வருகிறவரையும் அது புது விலாசத்துக்குக் கூட்டிவந்துவிடும். ஒரே வலைப்பூவுக்கு நாலைந்து பேரை நிர்வாகியாகப் போடலாம். இது நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற இடத்தில் பெரிய வசதி. குறை? கூகுள் இதுக்குப் பெரிசா மெனக்கெடுவதில்லை. அப்புறம், தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் விலாசம் 'பிளாக்-போஸ்ட்_27' என்று மொட்டையாக வந்து நிற்கும். பதிவிடும் முன் வலது பக்க செட்டிங்கில் 'பெர்மாலிங்க்' என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் நீங்களே சின்னதாக ஒரு பெயர் கொடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

வேர்ட்பிரஸ்: இங்கேதான் எல்லோரும் குழம்புவாங்க. பேர் ஒன்று, ஆள் ரெண்டு. 'வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்' என்பது 2003ல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் ஆரம்பித்த கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கி, தங்கள் சர்வரில் போட்டு ஓட்டலாம். 'வேர்ட்பிரஸ் டாட் காம்' என்பது 2005ல் வந்த சேவை. அங்கே நீங்க சர்வரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கணக்கு திறந்தால் எழுத ஆரம்பிக்கலாம். இலவசத் திட்டத்தில் 1 ஜி.பி. இடம்தான், அவர்கள் விளம்பரம் வரும், சொந்த டொமைன் இணைக்க காசு கட்டணும். இதிலும் தமிழ்த் தலைப்பில் ஒரு தொல்லை. விலாசம் தமிழிலேயே இருக்கும், பார்க்க அழகுதான். காப்பி பண்ணி அனுப்பினால் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக மூணு வரிக்கு நீளும். அதையும் பதிவிடும் முன்பே மாற்றிவிடுங்கள்.

மீடியம், சப்ஸ்டாக்: எழுதுவதற்குச் சுகமான இடங்கள். சப்ஸ்டாக்கில் பதிவுகளையும் வாசகர்களின் மெயில் பட்டியலையும் இறக்கி எடுத்துக்கொண்டு போகலாம், அது நல்ல விஷயம். ஆனா இரண்டுமே அந்தந்த வாரம் எழுதுவதை அந்தந்த வாரம் படிக்கத்தான் தோது. 38 பேட்டியை ஊர் வாரியாக அடுக்கி வைக்க அவ்வளவு தோதில்லை.

நிலைப்பக்கங்கள்: கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு இது. 2008ல் வந்த ஜெகில், 2013ல் வந்த ஹியூகோ மாதிரி கருவிகள். பதிவுகளைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக எழுதி வைத்தால், கருவி அதை ரெடிமேட் பக்கங்களாக்கித் தரும். கிட்ஹப் பேஜஸில் 1 ஜி.பி. வரை இலவசமாக வைக்கலாம், சொந்த டொமைனும் இணைக்கலாம். டேட்டாபேஸ் கிடையாது, பாஸ்வேர்டு போட்டு நுழையும் அட்மின் பக்கம் கிடையாது. அதனால் உடைத்து நுழைய வழியும் குறைவு. மூலப் பிரதி எப்பவும் உங்க கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கமாண்டு லைனைப் பார்த்து முகம் சுளிக்காத ஒருத்தர் குழுவில் வேணும், அவ்வளவுதான். அவர் வேலை கிடைத்துப் போனால் அடுத்தவருக்குத் தெரியணும், அதுதான் சிக்கல்.

சொந்த ஹோஸ்டிங்: 'சொந்தம்' எவ்வளவு?

இப்போ சீனியர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கு. சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்ஸைப் போட்டால், தோற்றத்தை இஷ்டத்துக்கு மாற்றலாம், எந்த பிளக்இன்னும் சேர்க்கலாம், யாரோட விளம்பரமும் வராது. ஊர் வாரியாகத் தேடுகிற வசதி, வரைபடத்தில் ஊரைத் தொட்டால் குரல் கேட்பது... எல்லாம் செய்யலாம்.

ஆனா 'சொந்தம்' என்ற வார்த்தைதான் ஏமாற்றுது. நீங்க வாங்குவது எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு மூலை. அதுவும் வாடகைதான்! முன்னே வாடகையோட வீட்டுக்காரரே தண்ணி மோட்டாரும் பார்த்துக்கிட்டார். இங்கே மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க், எலித் தொல்லை... எல்லாம் உங்க பாடு. கேளுங்க:

வேர்ட்பிரஸ், தீம், பிளக்இன் மூன்றையும் அவ்வப்போது புதுப்பிக்கணும். சின்னச் சின்ன பாதுகாப்புத் திருத்தங்களை வேர்ட்பிரஸ் 2013லிருந்து தானாகவே போட்டுக்கொள்கிறது. பிளக்இன்களை நீங்கதான் கவனிக்கணும். புதுப்பிக்கலைன்னா என்ன ஆகும்? 2017 ஜனவரி கடைசியில் வேர்ட்பிரஸ்ஸில் இருந்த ஒரு ஓட்டையை அடைத்து 4.7.2 வெளியானது. ஓட்டையின் விவரம் வெளியே தெரிந்த சில நாளிலேயே, புதுப்பிக்காத தளங்களாகப் பார்த்து லட்சக்கணக்கான பக்கங்களை விஷமிகள் கிறுக்கிவைத்தார்கள். அந்த வாரம் உங்களுக்கு மாடல் எக்ஸாமாக இருந்திருந்தால்?

பேக்கப் எடுக்கணும். வேர்ட்பிரஸ்ஸில் எழுத்து டேட்டாபேஸில் இருக்கும், படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் பாதி வீடுதான் மிஞ்சும். ரெண்டையும் எடுக்கணும். எடுத்ததை அதே சர்வரில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் அதிகம். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. வேறு இடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். தளமும் பேக்கப்பும் அதே வளாகத்தில் என்று இருந்தவர்களுக்குச் சாம்பல்தான் மிச்சம்.

"நாங்க கம்ப்யூட்டர் ஆளுங்க, எங்களுக்கு அப்படி ஆகாது" என்கிறீர்களா? ஜெஃப் அட்வுட்டைத் தெரியுமா? உலகத்து புரோகிராமர்கள் எல்லாம் சந்தேகம் கேட்ட 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ'வை உருவாக்கிய இரண்டு பேரில் ஒருவர். அவரது 'கோடிங் ஹாரர்' வலைப்பூ 2009 டிசம்பரில் ஹோஸ்டிங் கம்பெனியில் ஏற்பட்ட கோளாறில் அழிந்தது. அவர்கள் எடுப்பதாகச் சொன்ன பேக்கப்பும் வேலை செய்யவில்லை. தனியாகப் பிரதி வைத்திருந்தாரா? இல்லை! தேடுபொறிகளின் தற்காலிகச் சேமிப்பு, இன்டர்நெட் ஆர்கைவ், வாசகர்கள் வைத்திருந்த பிரதி என்று ஊர் ஊராகப் பொறுக்கித்தான் மீட்டார். அவருக்கே அந்த நிலைமை என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

பணம் கட்டணும். 'மாதம் நூத்திச் சொச்சம்தான்' என்று விளம்பரம் வரும். அது முதல் தவணைக்கு, அதுவும் மூணு நாலு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால். புதுப்பிக்கும்போது ரெண்டு மூணு மடங்கு கேட்பாங்க. வாங்கும் முன் புதுப்பிக்கும் விலை என்ன என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்க.

"வீட்டிலேயே ஒரு ராஸ்பெர்ரி பையை வைத்து ஓட்டினால் நிஜமாவே சொந்தம்தானே?" என்று ஒரு தம்பி கேட்பார். ஆசை நல்லதுதான். ஆனா வீட்டு இணைப்புகள் பலவற்றில் நமக்கென்று தனி ஐ.பி. முகவரி கொடுப்பதில்லை, பல வீடுகளுக்கு ஒன்றைப் பங்கு போடுவாங்க. வெளியே இருப்பவர் உங்க பெட்டியைக் கண்டுபிடிக்கத் தனி ஏற்பாடு செய்யணும். கரண்ட் போனால் வலைப்பூவும் போகும். அம்மா வீடு பெருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினாலும் போகும்!

கத்துக்கிறதுக்கு இதெல்லாம் அருமையான வழி. கண்டிப்பா ஒரு சர்வர் எடுங்க, போடுங்க, உடைங்க, திரும்பக் கட்டுங்க. ஆனா ஓட்டிப் பழகுற வண்டியில தாத்தாவை உட்கார வைக்காதீங்க.

மூணே கேள்வி

சொந்த ஹோஸ்டிங் எடுக்கலாமா வேண்டாமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிப் பாருங்க.

ஒன்று: தளம் நடுராத்திரியில் படுத்துவிட்டால் எழுந்து பார்க்கப் போவது யார்? 'நாங்க எல்லோரும்' என்று சொல்லக் கூடாது. ஒரு பேர் சொல்லணும்.

இரண்டு: நீங்க ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு, மூன்றாவது வருஷம் பணம் கட்டப் போவது யார்?

மூன்று: இலவச இடத்தில் செய்யவே முடியாத எந்த வேலை உங்களுக்கு வேணும்? 'கெத்தா இருக்கும்' என்பதைத் தவிர.

மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமா எடுங்க, நல்லா வருவீங்க. ஒன்றுக்குப் பதில் இல்லைன்னாலும் இப்போதைக்கு வேண்டாம். கெத்துக்கு டொமைன் போதும். விலாசத்தில் உங்க பேர் இருந்தால் பின்னாடி பிளாக்கர் ஓடுதா, வாங்கின சர்வர் ஓடுதா என்று வாசகர் எட்டிப் பார்க்கப் போவதில்லை. நாளைக்கு வேணும்னா உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கலாம். பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸ்ஸுக்குப் பதிவுகளை இழுத்துக்கொள்ள வழி இருக்கு. பதிவுகளின் பழைய விலாச அமைப்பையும் அங்கே அப்படியே வைத்துக்கொள்ளலாம். வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது.

தங்கைக்கு நான் எழுதிய பதில்

"அன்புத் தங்கைக்கு, ஹோஸ்டிங் வேண்டாம், டொமைன் மட்டும் வாங்குங்க. டாட் இன் வாங்கினால் வருஷத்துக்கு ஆகிற செலவு ரெண்டு கிலோ நல்ல கருப்பட்டி விலைதான். 5 வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிடுங்க. உள்ளே பிளாக்கர் போதும். மூணு பேரும் நிர்வாகியா இருங்க.

ரொம்ப முக்கியம்: டொமைனோ வலைப்பூவோ காலேஜ் கொடுத்த மெயிலில் திறக்காதீங்க! நீங்க படிப்பை முடிச்சதும் அந்தக் கணக்கை மூடிடலாம், அதோட எல்லாம் போயிடும். சொந்த மெயிலில் திறந்து, அதிலும் அப்பப்போ நுழைஞ்சு பாருங்க. ரெண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை நீக்கலாம்னு கூகுள் 2023ல் விதி போட்டிருக்கு. டொமைன் புதுப்பிக்கிற தேதியை மூணு பேர் செல்போனிலும் அலாரமா வைங்க. தேதி தவறினால் கொஞ்ச நாள் அவகாசம் தருவாங்க. அதுவும் தாண்டினால் மீட்க எக்கச்சக்க அபராதம், அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் வாங்கிக்கலாம்.

ஒலிப்பதிவுதான் உங்க சொத்து. அதை வலைப்பூவை நம்பி விடாதீங்க. இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமா ஏற்றலாம். கூடவே ரெண்டு ஹார்டு டிஸ்க், ரெண்டு வேற வேற வீட்டில். ஏற்றுவதற்கு முன்னாடி, உலகமே கேட்கும்னு அந்தத் தாத்தாக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கோங்க.

நோட்டில் உள்ளதை யூனிகோட் தமிழில் தட்டுங்க. டி.டி.பி. சென்டரில் கொடுத்தால் அவங்க எழுத்துரு வேறயா இருக்கலாம், கேட்டு மாத்தி வாங்குங்க. 2000ங்களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு எழுத்துருவில் போட்ட தமிழ்ப் பக்கங்களை இன்னைக்குத் திறந்தால் பூச்சி பூச்சியாத்தான் தெரியும். மாசம் ஒரு தடவை வலைப்பூவோட பிரதியை இறக்கி வைங்க. இறக்கினதைத் திறந்தும் பாருங்க, திறக்காத பேக்கப்பை நம்பக் கூடாது."

போன வாரம் அவரிடமிருந்து மறுபடி மெயில் வந்தது. டொமைன் வாங்கிட்டாங்களாம். யார் பேரில் என்று மூணு பேருக்கும் சண்டையாம். கடைசியில் யாருக்கு எந்தச் செலவையும் மறக்காமல் கட்டுகிற பழக்கம் இருக்கோ, அவர் பேரில் வாங்கியிருக்காங்க. முதல் 4 பேட்டி ஏறிடுச்சு. சீனியரும் பார்த்துட்டு, "ஹோஸ்டிங் எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டாராம்!

அந்தத் தாத்தாவிடம் போய்ப் பதில் சொல்லியிருக்காங்க. "இப்போதைக்கு 5 வருசம் தாத்தா. அப்புறம் நாங்க மூணு பேரும் மாத்தி மாத்திப் பணம் கட்டுவோம்."

"கட்டலேன்னா?"

"விலாசம் போயிரும் தாத்தா. ஆனா எங்க வீட்டு டிஸ்க்குல இருக்கும்."

தாத்தா கொஞ்ச நேரம் யோசிச்சிருக்கார். "அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பேரன் வர்றப்ப அவங்கிட்ட குடுத்து வைக்கேன்" என்றாராம். அடுத்த நாளே ஒரு பென் டிரைவில் அவர் பேசினதைப் போட்டுக் கொடுத்துட்டு வந்திருக்காங்க. அதைப் பொட்டலமா மடிச்சு ரேஷன் கார்டோட வெச்சிருக்காராம்.

நண்பர்களே, இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம். உங்க வலைப்பூவின் செட்டிங்கைத் திறந்து, பிரதி இறக்கும் இடம் எங்கே இருக்குன்னு தேடுங்க. இறக்குங்க. திறந்து பாருங்க. உங்க எழுத்து அதில் இருந்தால் நிம்மதியா தூங்குங்க. இல்லைன்னா எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம்: செல்போனில் எடுத்த பேட்டியில் காற்றுச் சத்தத்தைக் குறைப்பது எப்படி? தங்கையின் அடுத்த கேள்வி அதுதான்!